சுஷியில் பச்சை எவ்வளவு?

ஜப்பானுக்கு வெளியே சுஷி என்றதும் பெரும்பாலோர் மனத்தில் எழுவது பச்சை மீன் துண்டு. மீன் எவ்வளவு புதிதோ அவ்வளவு சுஷியும் உயர்ந்தது என்ற எண்ணமும் அதனோடு ஒட்டியே வருகிறது. டோக்கியோவின் கின்சா போன்ற பகுதிகளில் எட்டுப் பத்து இருக்கைகளுடன் இயங்கும் உயர்தரச் சுஷி உணவகம் ஒன்றில் பரிமாறப்படுவனவற்றை ஒவ்வொன்றாக எடுத்து நோக்கினால் இந்த எண்ணம் நிலைக்காது. அங்கே வரும் மீன்களுள் சில உப்பிலும் வினிகரிலும் கிடந்து வந்தவை, சில சோயா சாற்றில் ஊறியவை, சில வெந்தவை. வெறுமனே அரிந்து வைத்ததுபோல் தோன்றும் வெண்மீன் துண்டுகூடப் பிடிபட்ட நாளன்று பரிமாறப்படாமல் சில நாள் காத்திருந்து பக்குவம் பெற்றதாக இருக்கக்கூடும். இந்த முன்வேலையைச் சுஷிக் கைவினைஞர்கள் ‘ஷிகோதோ’, அதாவது ‘வேலை’, என்று எளிமையாகக் குறிப்பிடுகின்றனர். உணவகத்தின் தரமும், அங்கு உண்போர் கடைப்பிடிக்கும் முறைகளும், ஓரளவுக்கு அவர்கள் கொடுக்கும் விலையும் இந்த வேலையிலிருந்தே பிறக்கின்றன என்பதை எடுத்துக்காட்டுவதே இவ்வுரையின் நோக்கம்.

சுஷியின் தொடக்கம் மீனைச் சுவைப்பதில் அன்று, மீனைக் கெடாமல் வைப்பதில் இருக்கிறது. உப்பிட்ட மீனைச் சோற்றில் புதைத்து மாதக்கணக்கில் விட்டுவைத்தால் சோறு புளித்து, அந்தப் புளிப்பு மீனைக் காக்கும் என்ற அறிவு தென்கிழக்காசியாவின் நெல் விளையும் ஆற்றுப் படுகைகளில் தோன்றிச் சீனத்தின் வழியே ஜப்பானை அடைந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. 718ஆம் ஆண்டுக்குரியதாகக் கூறப்படும் யோரோ சட்டத்தொகுப்பு, மக்கள் அரசுக்கு வரியாகச் செலுத்தத்தக்க பொருள்களில் ஒன்றாகச் சுஷியைக் குறிப்பிடுகிறது. ஷிகா மாநிலத்தின் பீவா ஏரிக்கரையில் நன்னீர்க் கெண்டை வகை ஒன்றைக் கொண்டு செய்யப்படும் ‘ஃபுனாசுஷி’ அந்தப் பழைய முறை இன்றும் அழியாமல் நிற்பதற்குச் சான்று. அதில் சோறு குழைந்து புளித்துப் போவதால் மீனை எடுத்துக்கொண்டு சோற்றைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடுவர். காலப்போக்கில் ஊறும் நாள்கள் குறைந்து, சோற்றையும் சேர்த்து உண்ணும் வழக்கம் வந்து, இறுதியில் புளிக்கும் வரை காத்திராமல் சோற்றில் வினிகரைக் கலந்தே அந்தப் புளிப்பை வரவழைக்கும் முறை பிறந்தது.

இந்தக் கடைசித் திருப்பம் நிகழ்ந்த இடம், பின்னாளில் டோக்கியோ எனப் பெயர் மாறிய எடோ நகரம். ஷோகன் ஆட்சியின் தலைநகராக இருந்து ஏறத்தாழ 10 லட்சம் மக்களைக் கொண்டிருந்த அந்நகரில் கட்டடத் தொழிலாளரும் சுமைதூக்குவோரும் சிறு வணிகரும் வழியில் நின்று இரண்டு வாய் உண்டுவிட்டுப் போவதற்குரிய தெருக்கடைகள் பெருகியிருந்தன. ரியோகொகுப் பகுதியில் கடை வைத்திருந்த ஹனாயா யோஹேய் என்பவர் 1824 வாக்கில் வினிகர்ச் சோற்றைக் கையில் பிடித்து அதன்மேல் மீனை வைத்துத் தரும் ‘நிகிரி’ சுஷியை உருவாக்கினார் என்பது மரபுவழிச் செய்தி. ஒருவரே கண்டுபிடித்தார் என்பதைவிட, பலர் கையில் உருவாகிக்கொண்டிருந்த ஒன்றை அவர் செம்மைப்படுத்தினார் என்று கொள்வதே பொருத்தம். அதே காலத்தில் இன்றைய ஐச்சி மாநிலத்தின் ஹந்தா நகரில் 1804இல் நகானோ மதாசாயேமோன் தொடங்கிய வினிகர்த் தொழில், ‘சாக்கே’ என்னும் அரிசி மதுவைப் பிழிந்த பின் எஞ்சும் மண்டியை நெடுநாள் பழக விட்டுச் செந்நிற வினிகராக்கி எடோவுக்குக் கப்பலில் அனுப்பியது. அன்று வழக்கிலிருந்த அரிசி வினிகரைவிட இது மலிவு. சுவை கனமானது, இயல்பாகவே சற்று இனிப்பும் கொண்டது. தெருக்கடைச் சுஷி பரவியதில் இந்தச் செவ்வினிகருக்குப் பெரும் பங்குண்டு. அந்நாளைய சுஷி ஒன்று இன்றையதைப்போல் இரண்டு மூன்று மடங்கு பெரியதாக, ஏறக்குறைய ஒரு சிறிய சோற்றுருண்டையாகவே இருந்தது.

உயர்ந்த விலை பற்றிய முணுமுணுப்பும் அப்போதே தொடங்கிவிட்டது என்பது இங்கே நினைக்கத்தக்கது. 1840களின் தொடக்கத்தில் ஆடம்பரத்தை ஒடுக்குவதற்காகக் கொண்டுவரப்பட்ட தெம்போ சீர்திருத்தங்களின்போது விலையுயர்ந்த சுஷி விற்றோர் தண்டிக்கப்பட்டனர். தெருக்கடை, ஆடம்பரக் கடை என்னும் இரு கிளைகளும் சுஷிக்குப் பிறப்பிலேயே அமைந்தவை.

எடோவுக்கு முன்னே விரிந்திருந்த வளைகுடாவில் பிடிபட்டவற்றைக் கொண்டு செய்யப்பட்டதால் இம்முறை ‘எடோமாயே’, அதாவது எடோவின் முன்புறத்தது, எனப்பட்டது. குளிர்பதனம் இல்லாத அந்நாளில் வெயிலில் நிற்கும் கடையில் மீனைப் பச்சையாக வைத்திருப்பது இயலாது. சிறுமீனை உப்பிட்டு வினிகரில் நனைத்தார்கள், கடல் விலாங்கையும் கணவாயையும் மட்டியையும் சோயா சாற்றிலும் சாக்கேயிலும் வேகவைத்தார்கள், இறாலை அவித்தார்கள், சூரையின் சிவந்த சதையைச் சோயா சாற்றில் ஊறப்போட்டார்கள். தேவையால் வந்த இவ்வேலைகள், குளிர்பெட்டி வந்து தேவை நீங்கிய பிறகும் கைவிடப்படவில்லை. காரணம், இவற்றால் மீன் கெடாமல் இருந்ததோடு சுவையும் கூடியது. இன்று எடோமாயே என்ற பெயர் இடத்தைவிட முறையையே குறிக்கிறது. தொழிற்சாலைகளுக்கும் துறைமுகத்துக்குமாக வளைகுடாவைத் தூர்த்துக் கரையாக்கும் திட்டங்களையொட்டி டோக்கியோ மீனவர்கள் 1962இல் தங்கள் மீன்பிடி உரிமைகளைக் கைவிட்டனர். அதற்குப் பின்னும் ஹனேதா விமான நிலையத்தை ஒட்டிய நீரில் கடல் விலாங்கு பிடிபடுகிறது என்றாலும், எடோமாயே உணவகத்துக்கு வரும் மீனில் பெரும்பகுதி நாட்டின் பிற கடல்களிலிருந்து வருவதே.

இம்முறையின் உரைகல்லாகக் கைவினைஞரும் தேர்ந்த வாடிக்கையாளரும் கொள்வது சூரையை அன்று, ‘கோஹதா’ என்னும் மத்தி இனத்துச் சிறுமீனை. வெள்ளித் தோலில் கரும்புள்ளிகள் வரிசையிட்ட இம்மீன் வளர வளரப் பெயர் மாறுவது; விரலளவுக் குஞ்சு ‘ஷின்கோ’, அடுத்த நிலை கோஹதா, அதற்கடுத்தது ‘நகாசுமி’, முழு வளர்ச்சி அடைந்தது ‘கோனோஷிரோ’. பெரிதாகும்தோறும் விலை குறையும் என்பது இதன் விந்தை. முழு மீன் மிக மலிவு; கோடையில் முதன்முதல் சந்தைக்கு வரும் ஷின்கோவுக்கோ உணவகங்கள் போட்டியிட்டுப் பன்மடங்கு விலை கொடுக்கும், இத்தனைக்கும் ஒரு சுஷிக்கு அந்தக் குஞ்சு மீன் இரண்டு மூன்று தேவைப்படும்.

கோஹதாவுக்கு நிகழ்வதை அருகிலிருந்து நோக்கினால் ‘வேலை’ என்பதன் பொருள் விளங்கும். செதில் நீக்கித் தலையும் குடலும் எடுத்து, முதுகுத் தோல் பிரியாதபடி மீனைப் புத்தகம்போல் விரித்து, நடுமுள்ளையும் விலா முள்களையும் களைந்த பிறகு, மூங்கில் தட்டில் தோல் கீழாகப் பரப்பி உப்புத் தூவுவர். எவ்வளவு நேரம் உப்பில் கிடக்க வேண்டும் என்பதற்குப் பொதுவான விடை இல்லை. அன்றைய மீனின் பருமன், அதிலுள்ள கொழுப்பு, அன்றைய வெப்பம் ஆகியவற்றைப் பார்த்துக் கைவினைஞர் நிமிடக் கணக்கில் முடிவு செய்கிறார், ஒரே கூடையில் வந்த மீன்களையே பெரிது சிறிதாகப் பிரித்து வெவ்வேறு நேரத்தில் எடுக்கிறார். உப்பைக் கழுவி, முன்பு பயன்பட்ட வினிகரில் ஒருமுறை அலசி, பிறகு புதிய வினிகரில் ஊறவிட்டு, வடித்து, ஓரிரு நாள் குளிரில் வைத்தால் மேற்புறத்தில் நின்ற உப்பும் புளிப்பும் சதையின் நடுவரை பரவிச் சமன்படும். அவசரப்பட்டு அன்றே பரிமாறினால் நாக்கில் முதலில் வினிகரும் பிறகு மீனுமாகத் தனித்தனியே படும். நாள் கடந்தால் சதை சுண்டிப் போகும். நறுமணமும் கொழுப்பும் உப்பும் புளிப்பும் ஒன்றாகிவிட்ட ஒரு கோஹதாவை உண்டவருக்கு, அந்த உணவகத்தில் மற்றவை எப்படி இருக்கும் என்பது ஏறக்குறையத் தெரிந்துவிடும்.

வெண்மீன்களின் காத்திருப்புக்கு வேறொரு காரணம் உண்டு. மீன் இறந்தவுடன் அதன் தசையில் ஆற்றலுக்கு ஆதாரமான ஏ.டி.பி. என்னும் சேர்மம் படிப்படியாகச் சிதைந்து இனோசினேட் என்ற பொருளாகிறது. ஜப்பானியர் ‘உமாமி’ என்றழைக்கும் சுவைக்கு மீன் தரும் பங்கு இதுவே. ஆகவே துள்ளும் மீனை உடனே அரிந்து வைத்தால் பல்லுக்கு உறுதி இருக்கும், நாக்குக்கு அதிகம் இராது. மேலும் நாள் கடந்தால் அதே இனோசினேட் சிதைந்து கசப்பாக மாறும். இவ்விரு எல்லைகளுக்கும் இடைப்பட்ட காலத்தை நீட்டித் தருவதற்கே ‘இகேஜிமே’ என்னும் முறை பயன்படுகிறது: பிடித்த மீனைத் துடிக்கவிடாமல் மூளையில் ஊசி பாய்ச்சி, குருதியை வடித்து, முதுகெலும்பின் கால்வாயில் மெல்லிய கம்பியைச் செலுத்தித் தண்டுவடத்தை அழித்துவிடுவதால், துடிப்பில் வீணாக வேண்டிய ஆற்றல் தசையிலேயே தங்குகிறது. பழைய கைவினைஞர் இந்த வேதியியலை அறியார். ஆனால் வெண்மீனை இரண்டு ‘கோம்பு’ கடற்பாசித் தகடுகளுக்கிடையே வைத்து ஓரிரவு இறுக்கினால் அது சுவைபெறும் என்பதை அறிந்திருந்தனர். அந்தப் பாசியில் உள்ள குளுட்டமேட்டை 1908இல் இகேதா கிகுனாயேயும், ‘கட்சுவோபுஷி’ என்னும் உலர்ந்த சூரைக் கட்டையில் உள்ள இனோசினேட்டை 1913இல் கொதாமா ஷிந்தாரோவும் பிரித்துக் காட்டினர். இவ்விரண்டும் சேரும்போது சுவை கூட்டலாக அன்றிப் பெருக்கலாக உயர்கிறது என்பது அரை நூற்றாண்டு கழித்து நிறுவப்பட்டது. தமிழர், குறிப்பாக ஈழத்தவர், சம்பலிலும் குழம்பிலும் மாசிக்கருவாட்டை இடித்துப் போடும்போது துணைக்கழைப்பதும் அதே சூரை மீனின் அதே பொருளைத்தான்.

சூரையைப் பற்றி நிலவும் பெருமிதம் மிகப் பிந்தியது. எடோக் காலத்தில் நீலத்துடுப்புச் சூரையின் கொழுப்பு மிகுந்த வயிற்றுப் பகுதி எளிதில் கெடுவதால் மதிப்பற்றது. சிவந்த சதையே சோயா சாற்றில் ஊறிச் சுஷியானது. ‘தோரோ’ எனப்படும் அந்த வயிற்றுப் பகுதி இருபதாம் நூற்றாண்டில், பெரிதும் போருக்குப் பின் வந்த குளிர்பதனத்தாலும் கொழுப்பை விரும்பப் பழகிய நாக்குகளாலும் உயர்ந்தது. 1972 ஆகஸ்டில் கனடாவின் அட்லாண்டிக் கரையில் பிடிபட்ட சூரைகள் முதன்முறையாக விமானத்தில் வந்து டோக்கியோவின் ட்சுகிஜி சந்தையில் விலைபோனபோது இம்மீன் உலக வணிகப் பொருளாயிற்று. ட்சுகிஜியின் மொத்தச் சந்தை 2018 அக்டோபரில் டொயோசுவுக்கு மாறியது. அங்கே நடந்த முதல் புத்தாண்டு ஏலத்தில், 2019 ஜனவரியில், அவோமோரி மாநிலத்தின் ஓமாவிலிருந்து வந்த 278 கிலோ சூரை ஒன்று 33.36 கோடி யென்னுக்குப் போனது. இது விளம்பரத்துக்குக் கொடுத்த விலை; அம்மீனின் சுவைக்கு இதனோடு தொடர்பில்லை. இந்த வேட்கையின் கேடு வேறிடத்தில் தெரிந்தது: பசிபிக் நீலத்துடுப்புச் சூரையின் முட்டையிடும் வளம், மனிதர் பிடிக்கத் தொடங்குமுன் இருந்ததாக மதிப்பிடப்படும் அளவில் 3 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. 2015 முதல் சிறு சூரைகளைப் பிடிப்பதைப் பாதியாகக் குறைத்த பன்னாட்டு வரம்புகளுக்குப் பின் அது 20 விழுக்காட்டைத் தாண்டி மீண்டிருப்பது, கடல் தொடர்பான அண்மைச் செய்திகளில் அரிதான நற்செய்தி.

பச்சைச் சால்மன் எடோமாயே மரபில் இல்லாதது. ஜப்பானியர் தம் கடலில் பிடிபடும் சால்மனை, ஒட்டுண்ணிப் புழு இருப்பதால், உப்பிட்டும் சுட்டுமே உண்டு வந்தனர். நார்வே 1980களில் தன் வளர்ப்புச் சால்மனைப் பச்சையாக உண்ணலாம் என்று முனைந்து விளம்பரப்படுத்திய பின்னரே அது சுஷியாயிற்று. சுழல்மேடைக் கடைகளில் இன்று அதற்கு இருக்கும் செல்வாக்கு பெரிது. மரபு பேணும் உணவகத்தில் அதைக் கேட்டால் இல்லை என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும்.

மீனைப் பற்றி இவ்வளவு கூறினாலும், கைவினைஞரிடம் கேட்டால் சுஷியின் சுவையில் பெரும்பகுதி ‘ஷாரி’யில், அதாவது வினிகர்ச் சோற்றில், இருக்கிறது என்பார். ஒட்டும் தன்மை மிகுந்த, தனியே உண்ணச் சுவையான கோஷிஹிகாரி அரிசியைவிட, வாயில் பருக்கை பருக்கையாகப் பிரியும் சசானிஷிகி போன்ற அரிசியை விரும்புவோர் இத்தொழிலில் பலர். 1993ஆம் ஆண்டின் கடுங்குளிர்க் கோடை சசானிஷிகி விளைச்சலைச் சிதைத்து உழவரை வேறு ரகங்களுக்குத் தள்ளியதால் அது இன்று கிடைப்பது குறைவு. கொதிக்கக் கொதிக்கச் சோற்றை அகன்ற மரத்தொட்டியில் கவிழ்த்து, உப்புக் கரைத்த வினிகரை ஊற்றி, மர அகப்பையால் கிளறாமல் வெட்டுவதுபோல் புரட்டி, விசிறி ஆற்றுவர். செவ்வினிகர் சேர்த்த சோறு இளம்பழுப்பாக இருக்கும். முக்கியமானது வெப்பம்: சோறு ஏறக்குறைய மனித உடலின் வெதுவெதுப்பில் இருக்கையில்தான் மேலே உள்ள மீனின் கொழுப்பு இளகும், புளிப்பு குத்தாது. குளிர்ந்த சோறு இறுகிவிடும். விரைவங்காடிப் பெட்டிகளில் விற்கும் சுஷி தோற்பது பெரும்பாலும் மீனால் அன்று, இதனால்தான்.

இந்த வெதுவெதுப்பு நெடுநேரம் நிற்பதில்லை என்பதை ஏற்றுக்கொண்டால் உயர்தரச் சுஷி உணவகத்தின் கண்டிப்புகளுள் பல தாமே விளங்கிவிடும். அனைவரும் ஒரே நேரத்தில் வந்து அமர வேண்டும் என்று சொல்லும் உணவகங்கள் அந்த நேரத்தைக் கணக்கிட்டே சோறு வடிக்கின்றன. இருபது நிமிடம் பிந்தி வருபவர் தம் உணவோடு அடுத்த இருக்கையிலிருப்பவரின் உணவையும் கெடுக்கிறார். நறுமணத் தைலம் பூசி வர வேண்டாம் என்ற வேண்டுகோளும் இத்தகையதே; வினிகரும் கடற்பாசித் தாளும் ஹினோக்கி மரப்பலகையும் தரும் மெல்லிய மணங்கள் பத்துப் பேர் தோளோடு தோள் அமர்ந்த சிற்றறையில் எளிதில் அழிந்துவிடும். கடைசி நேரத்தில் வராமல் போனால் முழுத் தொகையையும் செலுத்த நேர்வதும், இன்னாருக்கென்று வாங்கிப் பக்குவப்படுத்திய மீனை வேறொருவருக்கு மறுநாள் தர இயலாமையால் வந்தது.

உண்பவர் பலகையின் இப்புறம், கைவினைஞர் அப்புறம். இந்த அமைப்புத் தெருக்கடையிலிருந்து வந்தது என்பதால், சமையலறைக்கும் உண்ணுமிடத்துக்கும் நடுவே சுவரில்லாதது சுஷிக்குப் பிற்காலத்தில் சேர்ந்த அலங்காரம் அன்று. அப்புறம் நிகழ்வது ஐந்தாறு நொடிகளில் முடிகிறது. விரல்களை வினிகர் நீரில் நனைத்து, இடக்கையில் மீன் துண்டை ஏந்தி, வலக்கையால் தொட்டியிலிருந்து ஒரு பிடி சோற்றை எடுத்து உருட்டிக்கொண்டே ஆள்காட்டி விரல் நுனியால் வசாபியை மீனில் தடவி, சோற்றை அதன்மேல் வைத்து, இடக்கைக் கட்டைவிரலால் நடுவில் சிறு குழி அழுத்தி, புரட்டி, இரண்டு விரல்களால் மேலிருந்தும் பக்கங்களிலிருந்தும் இருமுறை பிடிக்கிறார். அந்தக் குழியால் உள்ளே காற்று அடைபடுகிறது. வெளியே உருக்குலையாமலும் உள்ளே தளர்ந்தும் இருக்கும் சோறு, தட்டில் வைத்த கணத்தில் தன் பாரத்தாலேயே ஓர் இழை கீழே அமர்வதைக் கூர்ந்து பார்ப்பவர் காணலாம். மேலே ‘நிகிரி’ என்பதைப் போலவே பெயர் ஒலிக்கும் வேறொரு பொருள், அதாவது சாக்கே சேர்த்துக் காய்ச்சிய சோயா சாறு, தூரிகையால் பூசப்பட்டுவிடுவதால் தனியே தொட்டுக்கொள்ள வேண்டியதில்லை. கையால் எடுத்து உண்பது முற்றிலும் முறையானது. இவ்வளவு தளர்வாகப் பிடித்த சோற்றுக்குக் குச்சிகளைவிட விரல்களே பொருத்தம் என்பதைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. குச்சியால் உண்போரும் குறை சொல்லப்படுவதில்லை. வைத்த சில நொடிகளுக்குள் உண்ண வேண்டும், ஒரே வாயில் உண்ண வேண்டும் என்பவை மட்டும் விட்டுக்கொடுக்க இயலாதவை. படம் எடுத்து முடிப்பதற்குள் சோற்றின் வெப்பமும் மீனின் குளிர்ச்சியும் ஒன்றையொன்று அழித்துவிடும்.

வசாபியைச் சோயா சாற்றில் கரைத்துச் சேறாக்கும் பழக்கம் இங்கே பயனற்றுப் போவதற்கும் காரணம் உண்டு. ஓடும் குளிர்நீரில் வளரும் அந்தத் தண்டைச் சுறாத்தோல் ஒட்டிய பலகையில் வட்டமாகத் தேய்க்கும்போது உயிரணுக்கள் உடைந்து, தனித்தனியே இருந்த ஒரு நொதியும் ஒரு சேர்மமும் கலந்தே காரம் பிறக்கிறது. பிறந்த சில நிமிடங்களிலிருந்தே அது ஆவியாகத் தொடங்கும். சாற்றில் கரைத்தால் மணம் விரைந்து போய்விடுகிறது. மலிவான கடைகளில் பச்சைப் பசையாகத் தரப்படுவது பெரும்பாலும் ஐரோப்பியக் காரமுள்ளங்கிக்கு நிறமேற்றியது; அதை எப்படிக் கரைத்தாலும் இழப்பதற்கு ஒன்றுமில்லை. ‘காரி’ எனப்படும் இனிப்பு வினிகர் இஞ்சியை மீன்மேல் வைத்துண்பதும் தேவையற்றது. ஒரு மீனுக்கும் அடுத்த மீனுக்கும் இடையில் நாக்கில் படிந்த எண்ணெயைத் துடைப்பதற்காகவே அதுவும் சூடான பச்சைத் தேநீரும் வைக்கப்படுகின்றன.

பாசித்தாளில் சுற்றியது கைக்குக் கை வழங்கப்படும். ஈரம் ஏறுமுன் உண்ண வேண்டியது அதனினும் அவசரம். இந்தப் பாசித்தாள் இன்று தட்டுப்பாடின்றிக் கிடைப்பதற்கு ஜப்பானைப் பார்த்தேயிராத ஓர் ஆங்கிலேயப் பெண்மணி காரணம் என்பதைச் சொல்லாமல் விடுவது நன்றன்று. கடற்பாசி எங்கிருந்து முளைக்கிறது என்பது தெரியாமல் அறுவடை விதிவசமாகவே இருந்த காலத்தில், மான்செஸ்டரில் ஆய்வு செய்த கேத்லின் ட்ரூ-பேக்கர் 1949இல் அப்பாசி தன் வாழ்வின் ஒரு பகுதியைச் சிப்பி ஓடுகளுக்குள் நுண்ணிழையாகக் கழிக்கிறது என்று கண்டறிந்து வெளியிட்டார். அதைக் கொண்டு ஜப்பானிய அறிஞர்கள் செயற்கை முறையில் விதையிடக் கற்றனர். குமமோதோ மாநிலத்தின் உதோ நகரில் அவருக்கு நினைவுக்கல் உள்ளது.

எதை உண்பது என்று தீர்மானிப்பவர் யார் என்பதில் கடந்த சில பத்தாண்டுகளில் பெரிய மாற்றம் நேர்ந்துள்ளது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், அரிசிப் பஞ்சத்தால் 1947இல் பெரும்பாலான உணவகங்கள் மூடப்பட்டபோது, டோக்கியோவின் சுஷிக் கடைகள் மட்டும் ஒரு வழி கண்டன: வாடிக்கையாளர் ஒரு ‘கோ’, அதாவது ஏறக்குறைய 180 மில்லி லிட்டர், அரிசி கொண்டுவந்தால் கூலி பெற்றுக்கொண்டு அதைப் பத்துச் சுஷியாக மாற்றித் தருவது. உணவு விற்பனை என்றில்லாமல் கூலிக்குச் செய்யும் வேலை என்ற பெயரில் அனுமதி கிடைத்தது. இன்றைய சுஷியின் சிறிய அளவும், ஒருவருக்குப் பத்து என்ற கணக்கும் அந்த ஏற்பாட்டில் நிலைபெற்றவை. 1923ஆம் ஆண்டுப் பெருநிலநடுக்கத்தில் எடோமாயேக் கைவினைஞர்கள் தங்கள் ஊர்களுக்குச் சிதறியதால் நாடெங்கும் பரவத் தொடங்கியிருந்த இம்முறை, டோக்கியோவின் இந்த ஏற்பாட்டைப் பிற ஊர்களும் பின்பற்றியதால் எங்கும் வேரூன்றியது. அதன் பின் வந்த காலத்தில், கண்ணாடிப் பேழையில் அடுக்கிய மீன்களைப் பார்த்து விரும்பியதை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பெறும் ‘ஒகோனோமி’ முறையே தேர்ந்த வாடிக்கையாளரின் வழி. விலைப்பட்டியலில் எண்ணுக்குப் பதிலாக ‘சந்தை விலை’ என்று மட்டும் இருக்கும், புதியவர் அஞ்சுவார். பொறுப்பைக் கைவினைஞரிடமே விட்டுவிடும் ‘ஒமகாசே’ முறை அந்த அச்சத்தைப் போக்கிற்று. விலை முன்கூட்டியே தெரியும், வீணாகும் மீனும் குறையும். இழப்பும் இல்லாமல் இல்லை. எது பருவம், எதற்குப் பின் எது பொருந்தும் என்று அறிந்து கேட்கும் வாடிக்கையாளர் கைவினைஞரையும் விழிப்பாக வைத்திருந்தார். இன்று அனைவரும் ஒரே வரிசையில் ஒரே இருபதை உண்டு எழுகின்றனர். சுஷிக்கு முன் சாக்கேயுடன் வரும் சிற்றுணவுகள் சில உணவகங்களில் நீண்டுகொண்டே போய், சுஷி வரும்போது பசி அடங்கிவிடும் நிலையும் காணப்படுகிறது. இது வளர்ச்சி என்று கொள்ளத்தக்கதன்று.

வரிசை என்பது விதியாக எங்கும் எழுதப்படவில்லை. மென்சுவை வெண்மீனிலும் கணவாயிலும் தொடங்கி, சூரை, கோஹதா என்று ஏறி, இறால், கடல்முள்ளெலியின் முட்டைத் திரள் என்று போய், கடல் விலாங்கில் இறங்குவது பொதுவழி. விலாங்கு வெந்த சாற்றையே சுண்டக் காய்ச்சிய ‘ட்சுமே’ என்னும் இனிப்புக் குழம்பு அதன்மேல் பூசப்படும். இறுதியில் வரும் முட்டை, அரைத்த இறாலோ வெண்மீனோ கலந்து இளஞ்சூட்டில் நெடுநேரம் வாட்டியெடுத்தது. கத்தியால் வெட்டிய முகம் தேன்கூடு போன்ற துளைகளின்றி மென்பஞ்சாக இருக்க வேண்டும். இன்னும் பசி இருப்போர் சுரைக்காயை நாடாவாகச் சீவி உலர்த்தி, பிறகு சோயா சாற்றிலும் சர்க்கரையிலும் வேகவைத்துப் பாசித்தாளில் சுருட்டிய ‘கன்ப்யோ’வைக் கேட்பர். பட்டியலிலேயே மிக மலிவான இந்தச் சுருளில் மீன் இல்லை. ஆனால் சோறும் வேகவைப்பும் பாசித்தாளும் தவிர மறைந்துகொள்ள ஏதுமில்லாததால், கோஹதாவுக்கு அடுத்தபடி உணவகத்தைச் சோதிக்கவல்லது இதுவே.

புகழ் இவ்வுணவகங்களுக்குச் செய்ததைச் சுருக்கமாகக் கூறினால் போதும். மிஷ்லின் வழிகாட்டி 2007இல் டோக்கியோவுக்கு முதன்முதல் வெளிவந்தபோது, 1925இல் பிறந்த ஓனோ ஜிரோவின் பத்து இருக்கைக் கடையான சுகியாபாஷி ஜிரோ மூன்று நட்சத்திரம் பெற்றது. 2011இல் டேவிட் கெல்ப் இயக்கிய ஆவணப்படமும், 2014 ஏப்ரலில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஒபாமாவைப் பிரதமர் அபே அங்கே அழைத்துச் சென்றதும் அதன் பெயரை உலகெங்கும் கொண்டு சென்றன. 2019இல் மிஷ்லின் அதைப் பட்டியலிலிருந்து நீக்கியதற்குச் சுவை காரணமன்று, பொதுமக்களின் முன்பதிவை அக்கடை ஏற்காததே காரணம். பழகியவர் அறிமுகம் இன்றி இடம் கிடைக்காத உணவகங்கள் இன்று பல. இரவு உணவுக்கு முப்பதாயிரம் யென்னுக்கு மேல் கேட்பதும் இவற்றில் வழக்கமாகிவிட்டது. சமையலிடத்தில் பெண்களுக்கு நெடுங்காலம் இடமளிக்காததும், அவர்தம் கை வெப்பம் மீனைக் கெடுக்கும் என்று அதற்குச் சொல்லப்பட்ட நொண்டிச் சாக்கும் இத்தொழிலுக்குப் பெருமை சேர்ப்பவை அல்ல. 2010இல் அகிஹபாராவில் பெண்களே நடத்தும் நதேஷிகோ சுஷி திறக்கப்பட்ட பின்னும் நிலைமை மெல்லவே மாறிவருகிறது.

இவ்வளவு விலைகொடுத்தும் உணவு விரைந்து முடிந்துவிடுகிறதே என்பது அயல்நாட்டு விருந்தினர் அடிக்கடி சொல்லும் குறை. ஜிரோவின் கடையில் ஏறக்குறைய இருபது சுஷி அரைமணி நேரத்தில் வந்து முடியும் என்பது பலரும் வியந்து பதிவு செய்த ஒன்று. எடோவின் தெருக்கடையில் நின்றுகொண்டு உண்டவர் இதைக் குறையாகக் கருதியிருக்கமாட்டார். அமர்ந்து நெடுநேரம் பேச விரும்புவோர்க்கு ஜப்பானில் வேறு விருந்து முறைகள் உண்டு. சுஷியைச் சுஷியாகவே அறிய விரும்புவோர்க்கோ, இரவைவிட மதியமே பொருத்தம். மரபு பேணும் உணவகங்களுள் சில மதிய வேளையில், சிற்றுணவுகள் ஏதுமின்றிப் பத்துப் பன்னிரண்டு நிகிரியும் ஒரு சுருளும் மட்டும் கொண்ட தொகுப்பை இரவு விலையில் ஒரு பகுதிக்கே தருகின்றன; அதே கைவினைஞர், அதே சோறு, முன்னாளே உப்பிட்டு வைத்த அதே கோஹதா.